சுவரோடு ஒட்டி நிற்கும் புத்தக அலமாரி

பெட்டிக்குள் பலகைகளாக வந்து, நாமே திருகி முடுக்கிச் சேர்த்துக்கொள்ளும் புத்தக அலமாரிகள் இன்று பல வீடுகளில் இருக்கின்றன. படத்தைப் பார்த்துப் பலகைகளைச் சேர்ப்பது பெரிய வேலை அன்று. சேர்த்த அலமாரியை நிமிர்த்திச் சுவரோரம் தள்ளும்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. எவ்வளவு தள்ளினாலும் அலமாரியின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் இடைவெளி நின்றுவிடும். கீழே ஒரு விரல் நுழையும், மேலே சில இடங்களில் இரண்டு விரல் நுழையும். தூசியும் பல்லியும் குடியேறுவதற்கு அந்த இடம் போதும். அதைவிட முக்கியம், சுவரைத் தொடாமல் நிற்கும் உயரமான அலமாரி, நிறையப் புத்தகங்களை ஏற்றிய பிறகும் கை பட்டால் ஆடும். மேற்கு மாம்பலத்தில் எங்கள் பழைய அடுக்குமாடி வீட்டின் ஓர் அறையில், இத்தகைய மூன்று அலமாரிகளை ஒன்றோடொன்று இணைத்துச் சுவரோடு ஒட்டி நிறுத்தினோம். அந்த வேலையில் தெரிந்துகொண்டவற்றை, இனி இதைச் செய்யப்போகிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில், இடைவெளி ஏன் வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். இவ்வகை அலமாரிகளுக்கு முன்மாதிரியாக இருப்பது சுவீடனைச் சேர்ந்த கில்லிஸ் லுண்ட்கிரென் வடிவமைத்து 1979இல் ஐக்கியா என்னும் அறைகலன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த பில்லி அலமாரி. 202 சென்டிமீட்டர் உயரம், 80 சென்டிமீட்டர் அகலம், 28 சென்டிமீட்டர் ஆழம் என்பது அதன் பழக்கமான அளவு. எங்களுக்கு வந்தவை வேறு நிறுவனத்தின் பொருள்கள் என்றாலும் அளவுகள் ஏறக்குறைய அவைதாம். இந்த வடிவம் நம் வீட்டை மனத்தில் வைத்துப் பிறந்தது அன்று. நம் வீடுகளில் தரையோரம் நான்கு அங்குல உயரத்திற்கு ஸ்கர்ட்டிங் என்னும் சுவரடிப் பட்டை ஓடுகிறது. எங்கள் வீட்டில் அது பழைய மொசைக்கில் செய்யப்பட்டு, சுவரை விட்டு 2 சென்டிமீட்டர் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. அலமாரியின் அடிப்பகுதி அதில் முட்டி நிற்கும்போது, மேலே சுவர் எவ்வளவுதான் நேராக இருந்தாலும் அந்த 2 சென்டிமீட்டர் உச்சி வரை அப்படியே தொடரும். அதோடு சுவரும் நேராக இருப்பதில்லை என்பது அடுத்த சிக்கல்.

ஆகவே அலமாரி வந்த பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே சுவரை அளந்துவிட வேண்டும். இதற்குக் கொத்தனார்கள் பயன்படுத்தும் தூக்குக்குண்டைவிட நம்பகமான கருவி வேறு இல்லை. பரணின் விளிம்பில் ஓர் ஆணி அடித்துக் குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடி அடங்கிய பிறகு, நூலுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தூரத்தை அரை மீட்டருக்கு ஒருமுறை அளந்து, அந்த எண்ணைச் சுவரிலேயே பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தோம். பிறகு ஒரு நூலை இரு முனைகளிலும் இழுத்துக் கட்டி, கீழே, நடுவில், மேலே என மூன்று உயரங்களில் குறுக்குவாட்டில் அளந்தோம். கண்ணுக்குச் சமமாகத் தெரிந்த அந்தச் சுவர், இடுப்பு உயரத்தில் 8 மில்லிமீட்டர் புடைத்திருந்தது. தரையோ பால்கனியை நோக்கி 240 சென்டிமீட்டர் நீளத்தில் 6 மில்லிமீட்டர் சரிந்திருந்தது. கழுவிவிட்ட தண்ணீர் ஓடுவதற்காக அப்படிப் போட்டிருக்கிறார்கள். மூலை சரியான செங்கோணமா என்பதை மூன்றுக்கு நான்கு, ஐந்து என்ற கணக்கில் பார்த்தோம். அதாவது, மூலையிலிருந்து ஒரு சுவரில் 90 சென்டிமீட்டரும் மற்றதில் 120 சென்டிமீட்டரும் குறித்தால், இரு குறிகளுக்கும் இடையே 150 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். எங்களுக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் கூடுதலாக வந்தது. இந்த எண்கள் கையில் இருந்தால் பிறகு எடுக்க வேண்டிய முடிவுகள் எல்லாம் எளிதாகிவிடும்.

எந்தச் சுவர் என்பதையும் இதற்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். வெளிச்சுவரோடு புத்தக அலமாரியை முழுவதும் ஒட்டி வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச்சுவர்கள் ஓதம் ஏறி நிற்கும். காற்றோட்டம் இல்லாத முதுகுப்பலகையில் முதலில் பூஞ்சை பிடிக்கும், பிறகு அது புத்தகங்களுக்கு வரும். குளியலறைக்குப் பின்னாலுள்ள சுவரும் அப்படித்தான். சந்தேகம் இருந்தால், ஓர் அடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஓரிரு நாள் விட்டுப் பார்க்கலாம். தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது என்று பொருள். வேறு சுவரே இல்லாதவர்கள் ஒட்டுவதற்கு முயலாமல், பின்னால் மூன்று விரல் இடைவெளி விட்டு, பக்கவாட்டில் மட்டும் பட்டை கொடுத்து மறைத்துக்கொள்வது நல்லது. நாங்கள் கூடத்திற்கும் படுக்கையறைக்கும் நடுவிலுள்ள உட்சுவரைத் தேர்ந்தெடுத்தோம்.

ஸ்கர்ட்டிங்கை என்ன செய்வது என்பதில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. அதை வெட்டி எடுப்பது ஒரு வழி. ஆனால் வெட்டினால் பூச்சும் சேர்ந்து பெயரும், மேலும் பழைய மொசைக்கின் நிறத்தையும் கல்லையும் இன்று அப்படியே திரும்பக் கொண்டுவருவது எளிதன்று. அலமாரியின் பக்கப்பலகைகளில், கீழே பின்மூலையில் ஸ்கர்ட்டிங்கின் அளவுக்கு ஒரு துண்டை வெட்டி எடுப்பது இரண்டாவது வழி. சில நிறுவனங்கள் அந்த வெட்டைத் தாங்களே கொடுத்து அனுப்புகின்றன. கொடுக்காதவற்றிலும் ஜிக்சா என்னும் கையடக்க மின்ரம்பத்தால் வெட்டிவிடலாம் என்றுதான் பலரும் சொல்வார்கள். எங்கள் தெருவில் தச்சு வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் கேட்டபோது அவர் பலகையின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "வெட்டாதீங்க சார். வெட்டுன இடம் தண்ணி குடிக்கும். கீழே கட்டை கொடுத்துத் தூக்கிடுங்க" என்றார்.

அவர் சொன்னதன் நியாயம் நம் வீடுகளின் பழக்கத்தில் இருக்கிறது. இந்த அலமாரிகள் மரத்தூளையும் சில்லுகளையும் பசையிட்டு அழுத்திய பலகைகளால் ஆனவை. மேலே வழவழப்பான தாள் ஒட்டியிருக்கும். முன்விளிம்பில் பட்டை ஒட்டியிருக்கும். ஆனால் அடிவிளிம்பும் பின்விளிம்பும் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். நாமோ நாள்தோறும் தரையை ஈரத்துணியால் துடைக்கிறோம். அந்த ஈரத்தை அடிவிளிம்பு உறிஞ்சி ஊதிவிட்டால், பிறகு எவ்வளவு உலர்த்தினாலும் பலகை பழைய தடிமனுக்குத் திரும்பாது. எனவே ஸ்கர்ட்டிங்கைவிடச் சற்றே உயரமான ஓர் அடிச்சட்டம் செய்து, அதன்மேல் அலமாரியை வைத்தால் இரண்டு தொல்லைகளும் ஒன்றாகத் தீர்கின்றன. அலமாரியின் பின்பகுதி ஸ்கர்ட்டிங்கின் தலைக்கு மேலாகச் சென்று சுவரைத் தொடும். அடிவிளிம்பு மாப்பின் ஈரத்திற்கு எட்டாத உயரத்தில் இருக்கும்.

சட்டத்திற்கு 19 மில்லிமீட்டர் தடிமனுள்ள, ஐ.எஸ். 710 முத்திரையுடைய மரைன் பிளைவுட்டைக் கடையிலேயே பத்தரை சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாக அறுத்து வாங்கினோம். மூன்று அலமாரிகளுக்கும் சேர்த்து 240 சென்டிமீட்டர் நீளத்தில் ஏணி போன்ற ஒரே சட்டம். ஒவ்வொரு பக்கப்பலகையும் இறங்கும் இடத்திற்கு நேர்கீழே ஒரு குறுக்குச்சட்டம் வர வேண்டும். ஏனெனில் புத்தகங்களின் எடை முழுவதும் பக்கப்பலகைகள் வழியாகத்தான் இறங்குகிறது. சட்டத்தின் ஆழம் 22 சென்டிமீட்டர்: பின்னால் ஸ்கர்ட்டிங்கிற்காக 2 சென்டிமீட்டரும், முன்னால் நிற்பவரின் கால்விரல்கள் இடிக்காமல் இருக்க 4 சென்டிமீட்டரும் விட்டது போக மிஞ்சிய அளவு அது. முன்பட்டையில் கை நுழையும் அளவுக்குத் திறப்புகள் வெட்டி, அவற்றின்மேல் காந்தத்தால் பிடித்துக்கொள்ளும் ஒரு மெல்லிய பலகையைப் பொருத்தினோம். கரையான் ஏறுகிறதா என்று அவ்வப்போது பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்ப்பதற்காக அந்த ஏற்பாடு. சுவரோடு ஒட்டிய அலமாரியில் கரையானின் மண்தடம் வெளியே தெரியாது என்பதால் இதை அவசியம் செய்ய வேண்டும் என்பேன்.

சட்டத்தை மட்டப்படுத்துவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் ஒருபோதும் வீண் அன்று. குட்டி ரசமட்டம் 240 சென்டிமீட்டர் நீளத்திற்குப் போதாது. கொத்தனார்களின் டியூப் மட்டமே சரி. தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயின் இரு முனைகளையும் சட்டத்தின் இரு முனைகளில் பிடித்து, உள்ளே குமிழி இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, தாழ்ந்த பக்கத்தில் சன்மைக்கா துண்டுகளைச் செருகிக்கொண்டே வர வேண்டும். மர ஆப்பு காலப்போக்கில் நசுங்கும், சன்மைக்கா நசுங்காது. கீழே ஒரு மில்லிமீட்டர் கோணினால், 28 சென்டிமீட்டர் ஆழமும் 202 சென்டிமீட்டர் உயரமும் உள்ள அலமாரியின் உச்சியில் அது ஏழு மில்லிமீட்டராகப் பெருகும். சுவரோரத்தில் தெரியும் இடைவெளியில் பாதி உண்மையில் தரையில் பிறப்பதுதான்.

பலகைகளைச் சேர்ப்பதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மரக்குச்சிகளுக்குத் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைத் தொட்டு வைத்தால் மூட்டு நெடுநாள் தளராது. ஆனால் வீடு மாறும்போது பிரிக்க முடியாது என்பதை யோசித்துச் செய்ய வேண்டும். பலகைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் வட்டப் பூட்டுகளை டிரில்லிங் மெஷினால் முடுக்கக் கூடாது. அழுத்திய பலகையில் ஒருமுறை திருகு வழுக்கிவிட்டால் அந்தத் துளை பிறகு பிடிப்புக் கொடுக்காது. முதுகுப்பலகையை ஆணியடிப்பதற்கு முன், இரு மூலைவிட்டங்களையும் அளந்து அவை சமமாக இருக்கின்றனவா என்று பார்ப்பதை விட்டுவிடவே கூடாது. அலமாரியை நேராகப் பிடித்து வைத்திருப்பது அந்த மெல்லிய முதுகுப்பலகைதான். கோணலாக அடித்தால் அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும். திறந்த விளிம்புகளுக்கெல்லாம் இந்தக் கட்டத்தில் இரண்டு பூச்சு வார்னிஷ் கொடுத்துவிட்டால் ஓதத்திற்கும் கொஞ்சம் காவல்.

பரண் உள்ள அறைகளில் ஒரு கணக்குப் போட வேண்டும். எங்கள் பரணின் அடிப்பகுதி தரையிலிருந்து 7 அடி, அதாவது 213 சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம். சட்டத்தையும் அலமாரியையும் கூட்டினால் 212.5. நிற்க இடம் இருக்கிறது. ஆனால் படுத்திருக்கும் அலமாரியை நிமிர்த்தும்போது அதன் மூலைவிட்டம், ஏறக்குறைய 204 சென்டிமீட்டர், எழும்பி இறங்கும்; சட்டத்தின்மேல் வைத்தே நிமிர்த்தினால் 214.5 வேண்டும், பரண் இடிக்கும். எனவே பரணுக்கு வெளியே, அறையின் நடுவில் நிமிர்த்தி, இருவர் பிடித்துத் தூக்கி, நேராக நிற்கும் நிலையிலேயே சட்டத்தின்மேல் ஏற்றி உள்ளே நகர்த்தினோம். பரணின் அடிப்பூச்சில் கட்டி தட்டியிருந்த இடங்களை முன்னதாகவே தேய்த்துவிட்டிருந்ததால், கிடைத்த ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த இடைவெளி போதுமானதாக இருந்தது.

சட்டத்தின்மேல் ஏறியதும் அலமாரிகள் சுவரின் புடைப்பைத் தொட்டு நின்றன. இங்கே ஒரு தெளிவு வேண்டும். சுவர் சாய்ந்திருக்கிறது என்பதற்காக அலமாரியைச் சாய்க்கக் கூடாது. அலமாரி தூக்குக்குண்டுக்கு நேராகத்தான் நிற்க வேண்டும். சுவர் விலகிப்போகும் இடங்களை நாம் நிரப்பிக்கொள்ள வேண்டும். மூன்றின் முன்விளிம்புகளையும் ஒரே நூலுக்கு நேராக்கி, கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகு, பக்கப்பலகைகளின் ஊடே இணைப்புப் போல்ட்டுகளைக் கொடுத்து மூன்றையும் ஒரே உடலாக்கினோம். மூலைப் பக்கம் வேண்டுமென்றே 4 சென்டிமீட்டர் விட்டிருந்தோம். செங்கோணமில்லாத மூலைக்குள் அலமாரியை அழுத்தித் திணித்தால், முன்பக்கம் தொடும், பின்பக்கம் தொடாது, அல்லது தலைகீழாக நடக்கும்.

ஒட்டி நிற்கும் தோற்றத்தைத் தருவது கடைசியாக வைக்கும் மறைப்புப் பட்டைதான். 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில், தேவைக்குமேல் ஒரு விரல் அகலம் கூடுதலாக ஒரு பட்டை எடுத்து, அலமாரியின் பக்கவாட்டில் செங்குத்தாக நிறுத்தித் தற்காலிகமாகக் கட்ட வேண்டும். பள்ளிக் காம்பஸில், இருக்கும் மிகப் பெரிய இடைவெளியின் அளவைத் திறந்து வைத்து, முள்முனை சுவரைத் தடவிக்கொண்டே போக, பென்சில் முனை பட்டையின்மேல் கோடு போட, மேலிருந்து கீழாக மெதுவாக இழுத்துவர வேண்டும். காம்பஸ் எப்போதும் தரைக்குக் கிடைமட்டமாகவே இருக்க வேண்டும். கை சற்றுத் திரும்பினாலும் கோடு பொய்யாகிவிடும். இழுத்து முடித்துப் பட்டையைக் கழற்றிப் பார்த்தால், சுவரின் புடைப்பும் பள்ளமும் கொத்தனாரின் மட்டப்பலகை நின்று நின்று சென்ற இடங்களும்கூட அந்தக் கோட்டில் தெரியும். கோட்டுக்கு வெளியே அரை மில்லிமீட்டர் விட்டு ஜிக்சாவால் அறுத்து, மிச்சத்தை உப்புத்தாளால் தேய்த்தோம். அறுக்கும்போது விளிம்பின் பின்பக்கம் சற்று உள்வாங்கிச் சாய்வாக இருந்தால், முன்விளிம்பு மட்டும் சுவரைக் கூர்மையாகத் தொட்டுப் படியும். மிச்சமிருக்கும் மயிரிழைக்கு வண்ணம் பூசக்கூடிய அக்ரிலிக் அடைப்பானை விரலால் இழுத்தால் போதும். அதன் பிறகு அலமாரி சுவருக்குள்ளிருந்து முளைத்ததாகவே தோன்றும்.

இனி, சுவரில் பிடித்தல். அடிச்சட்டம் வைத்தாலும் வைக்காவிட்டாலும், புத்தகம் நிறைந்த உயரமான அலமாரியைச் சுவரில் திருகிப் பிடிக்காமல் விடவே கூடாது. குழந்தைகள் தட்டுகளைப் படியாக நினைத்து ஏறுவார்கள். அமெரிக்காவில் இழுப்பறை அலமாரிகள் குழந்தைகள்மேல் கவிழ்ந்து நேர்ந்த இறப்புகளைத் தொடர்ந்து, துணி வைக்கும் அலமாரிகளின் நிலைப்புக்காக 2022 டிசம்பரில் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். புத்தக அலமாரி அச்சட்டத்தில் சேரவில்லை என்றாலும் கவிழும் விதம் ஒன்றுதான்.

துளையிடுவதற்கு முன் சுவிட்ச் பெட்டிகளைப் பார்க்க வேண்டும். உள்ளே பதித்த ஒயர்க் குழாய்கள் பெரும்பாலும் பெட்டியிலிருந்து நேர்மேலாகவோ நேர்கீழாகவோ செல்லும் என்பதால், அந்தச் செங்குத்துக் கோட்டின் இருபுறமும் ஒரு சாண் தள்ளியே துளை போட்டோம். 8 மில்லிமீட்டர் பிட்டில், 7 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு டேப்பைச் சுற்றி அடையாளம் வைத்து, பூச்சைக் கடக்கும் வரை மெஷினில் ஹாமர் எனப்படும் இடிக்கும் இயக்கத்தைப் போடாமல் மெதுவாகச் சென்றோம். துளையிலிருந்து உதிரும் பொடியைக் கவனிக்க வேண்டும். முதலில் சாம்பல் நிறச் சிமெண்ட் பொடி வரும்; பூச்சு முடிந்ததும் செம்பொடி வந்தால் பிட் செங்கல்லைத் தொட்டுவிட்டது. தொடர்ந்து சாம்பல் பொடியும் மணலுமே எளிதாகக் கொட்டினால் அது இரு கற்களுக்கு இடையிலுள்ள சாந்து. துளையை ஓர் அங்குலம் நகர்த்துவது நல்லது. வெண்பொடி சரசரவென்று கொட்டினால் எடை குறைந்த ஏ.ஏ.சி. கல், அதற்கு ஹாமரே கூடாது, அதற்கென்று உள்ள நீண்ட நைலான் பிளக் வேண்டும். இரும்பு உரசும் கிறீச்சொலி கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். பிளக்கின் முழு நீளமும் பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் உட்கார வேண்டும்; பூச்சை மட்டும் பிடித்திருக்கும் பிளக் இழுத்த இழுப்புக்கு வந்துவிடும். உச்சியில் சுவருக்கும் அலமாரிக்கும் இடையே இருந்த 8 மில்லிமீட்டரில் பிளைவுட் துண்டை அடைகொடுத்த பிறகே, அலமாரியைச் சுவரோடு பிணைக்கும் எல் வடிவ இரும்புத் துண்டான எல்-கிளாம்பின் திருகை முடுக்கினோம். அடை கொடுக்காமல் முடுக்கினால் திருகு அலமாரியைச் சுவரை நோக்கி இழுத்து, அதுவரை பார்த்த மட்டம் அத்தனையையும் கெடுத்துவிடும்.

புத்தகங்களை அடுக்குவதிலும் கவனம் வேண்டும். பைண்டு செய்த பழைய பத்திரிகைத் தொகுதிகளை ஓர் அடி நீளத்திற்கு அடுக்கி நிறுத்துப் பார்த்தேன். எட்டுக் கிலோவைத் தாண்டியது. ஒரு தட்டுக்கு 20 கிலோ, முன்னும் பின்னுமாக இரட்டை வரிசை வைத்தால் 40 கிலோ. பில்லி அலமாரியின் 80 சென்டிமீட்டர் தட்டுக்கு அதன் நிறுவனமே சொல்லும் வரம்பு 30 கிலோ. நீளம் முழுவதும் ஒரே சீராகச் சுமை ஏற்றிய பலகையின் தொய்வு, நீளத்தை அதனாலேயே நான்கு முறை பெருக்கிய கணக்கில் கூடும். 60 சென்டிமீட்டர் தட்டைவிட 80 சென்டிமீட்டர் தட்டு மூன்று மடங்குக்கும் மேல் தொய்யும். ஆகவே கனமான தொகுதிகள் இருப்பவர்கள் குறுகிய அலமாரிகளையே வாங்கலாம். வாங்கியாகிவிட்டது என்றால், தட்டின் முன்விளிம்புக்கு அடியில் ஓர் அங்குலப் பிளைவுட் பட்டையைப் பசையிட்டுத் திருகினால் தொய்வு கணிசமாகக் குறையும். எங்கள் அலமாரிகளில் கனமான தட்டுகளுக்கு அப்படித்தான் செய்திருக்கிறோம். அடுக்கும்போது கீழ்த்தட்டிலிருந்து தொடங்கி மேலே செல்ல வேண்டும். எல்லாம் ஏறிச் சில வாரங்கள் கழித்து, சுமையில் சட்டம் அமர்ந்துவிட்டபின், எல்-கிளாம்புகளையும் இணைப்புப் போல்ட்டுகளையும் ஒருமுறை முடுக்கிக்கொள்ள வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இத்தனையும் எதற்கு என்று தயங்க வேண்டியதில்லை. அடிச்சட்டம் கழற்றி எடுத்துச் செல்லக்கூடியது. அடுத்த வீட்டின் ஸ்கர்ட்டிங் நான்கு அங்குலமோ அதற்குக் குறைவோ என்றால் அப்படியே பொருந்தும். மறைப்புப் பட்டை மட்டும் அந்தச் சுவருக்கே உரியது, அதைப் புதிதாக வெட்டிக்கொள்ள வேண்டும். சுவரில் மிஞ்சுபவை சில 8 மில்லிமீட்டர் துளைகளே. பிளக்கை உருவிவிட்டு வெள்ளைச் சிமெண்ட் அடைத்து, காய்ந்ததும் பட்டி தேய்த்து, அதே வண்ணத்தில் ஒரு தொடு தொட்டால் வீட்டுக்காரருக்கு இடம் தெரியாது. துளை போடும் முன்பே அவரிடம் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.